பட்டியலில் இல்லாத செலவு

யாழ்ப்பாணம் போய்வர ஒருவருக்கு 32,500 ரூபாய் என்று டீச்சர் தந்த தாளில் போட்டிருந்தது. மூன்று நாள், இரண்டு இரவு, பத்துப் பேர் மட்டும். முற்பணம் 10,000 ரூபாய். புறப்பட ஒரு கிழமைக்கு முன் மறுத்தால் முற்பணம் திரும்பக் கிடைக்காது.

டீச்சர் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். ஓய்வு பெற்ற பிறகு வருடத்தில் இரண்டு மூன்று முறை, தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு இப்படிச் சுற்றுலா ஒழுங்கு செய்வார். அவருடைய கணவரும் கூட வருவார். அதனால் வீடுகளில் பெண்களைத் தனியே அனுப்பத் தயங்குகிறவர்களும் அவரோடு என்றால் சம்மதிப்பார்கள். சென்ற ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர் யாழ்ப்பாணம் என்றதும் எனக்கு உம்மும்மாவின் ஞாபகம்தான் வந்தது.

உம்மும்மா யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். அன்று காலை ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்கள் எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி வெளியேறினார்கள். அப்போது என் உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் சில வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்தார்கள். இப்போது உம்மும்மா கொட்டாஞ்சேனையில் மாமாவோடு இருக்கிறார். நாங்கள் வெள்ளவத்தையில்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தை மறக்க முடியாது. பின்னேரமானால் காலி வீதி ஓரத்தில் யாழ்ப்பாண பஸ்ஸுக்காக ஆட்கள் பெட்டிகளோடு நிற்பார்கள். இரவு ஏறினால் விடிய இறங்கலாம். ஒரு வழிக்கு மூவாயிரம் ரூபாய் அளவில்தான் செலவு. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோதும் உம்மா கூப்பிட்டுப் பார்த்தார். உம்மும்மா அசையவில்லை. "அங்க என்ன இருக்கு பார்க்க?" என்பதே எப்போதும் பதில். இப்போது அவருக்கு எழுபத்துமூன்று வயது. முழங்கால் வலியோடு இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் இருக்கவும் முடியாது. வேன் என்றால் நினைத்த இடத்தில் நிற்பாட்டலாம்.

தாளை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உம்மும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறா? என்னத்துக்கு மகள் அவ்வளவு காசு?"

இதே கேள்வியை நானும் டீச்சரிடம் கேட்டிருந்தேன். அவர் மறைக்காமல் கணக்குச் சொன்னார். வேனுக்கு எரிபொருள், சாரதி எல்லாம் சேர்த்து மூன்று நாளைக்கு 120,000. பத்தால் பிரித்தால் ஆளுக்கு 12,000. மூன்று பேர் தங்கும் அறை ஓர் இரவுக்கு 18,000. இரண்டு இரவுக்கு ஆளுக்கு 12,000. யாழ்ப்பாணத்தில் வந்து சேரும் வழிகாட்டிக்கு இரண்டு நாளைக்கு 15,000. அது ஆளுக்கு 1,500. இரவுச் சாப்பாடு இரண்டு நேரம் 3,000. மிச்சம் 4,000 டீச்சரினதும் கணவரினதும் செலவுக்கும், தண்ணீர்ப் போத்தல், வாகனத் தரிப்பிடம் போன்றவற்றுக்கும். ஆட்கள் எட்டாகக் குறைந்தாலும் வேன் கூலி குறையாது. அப்போது வேனுக்கே ஆளுக்கு 15,000 வரும். "அதுதான் பத்துப் பேர் சேரும் வரைக்கும் திகதி சொல்ல மாட்டேன்" என்றார்.

அறை வாடகைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது நல்லூர்த் திருவிழாக் காலம். இருபத்தைந்து நாள் நடக்கும் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் அதே அறை மலிவாம். எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் என்பதால் வேறு வழியில்லை.

நான் இவ்வளவையும் ஒப்புவித்தேன். உம்மும்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓட்டுமடம் போகுமா?"

தாளைப் பார்த்தேன். கோட்டை, பொதுநூலகம், குறிகட்டுவான், நயினாதீவு, கசூரினாக் கடற்கரை, நல்லூர், சந்தை, ஆனையிறவு. ஓட்டுமடம் இல்லை. சோனகத் தெருவும் இல்லை. "டீச்சரிட்ட கேட்கலாம் உம்மும்மா" என்றேன். "அப்ப நான் வாறன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு பேருக்கு 65,000. உம்மா சீட்டெடுத்து 50,000 தந்தார். மாமா 15,000 தந்தார். கைச்செலவுக்கு, கைப்பேசி வாங்கவென்று நான் சேர்த்திருந்த 12,500 இருந்தது. உம்மும்மா தன்னுடைய பணமென்று ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அது எவ்வளவு என்று சொல்லவில்லை.

முற்பணம் கட்டிய பிறகுதான் டீச்சரிடம் ஓட்டுமடத்தைப் பற்றிக் கேட்டேன். கட்டுவதற்கு முன்னே கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "ஒருவருக்காக ஓரிடம் சேர்த்தால் பத்துப் பேரும் ஒவ்வொன்று கேட்பார்கள் மகள். மூன்றாம் நாள் சந்தையில் இரண்டு மணித்தியாலம் விடுவேன். அந்த நேரத்தில் நீங்கள் ஆட்டோ பிடித்துப் போய் வரலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கவலையாக இருந்தது. இவ்வளவு பணம் கட்டிப் போகிறோம். உம்மும்மா கேட்ட ஒரே இடம் மட்டும் அந்தப் பணத்துக்குள் அடங்கவில்லை.

அதிகாலை மூன்றே முக்காலுக்கு வெள்ளவத்தையில் ஏறி, நாலேகாலுக்குக் கொட்டாஞ்சேனையில் உம்மும்மாவை ஏற்றிக்கொண்டோம். நீர்கொழும்பில் பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசலில் சுபஹ் தொழுதோம். புத்தளத்தில் காலைச் சாப்பாடு. உம்மும்மா அங்கே யாருடனும் அதிகம் பேசவில்லை. வேன் ஊரைத் தாண்டும்போது மட்டும் வெளியே பார்த்து, "இந்தப் பக்கம்தான் கொட்டில் போட்டிருந்த" என்றார். அநுராதபுரம், வவுனியா என்று போய் ஏ9 பாதையில் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி ஒரு மணிக்கு யாழ்ப்பாணம் சேர்ந்தோம். ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். எந்தெந்த நேரத்தில் எங்கே தொழலாம், எங்கே ஹலால் சாப்பாடு கிடைக்கும் என்று டீச்சர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். நாங்கள் கட்டிய பணத்தில் இந்தக் கவலை இல்லாமற் போனதும் சேர்ந்திருந்தது என்று அப்போது நினைத்தேன்.

எங்களுக்குக் கிடைத்த அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. அதை நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உம்மும்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். கீழ் மாடியில் அறை கிடைத்திருந்த தெஹிவளை ஆன்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் அறையை எங்களுக்கு மாற்றித் தந்தார். அவருக்கும் அறுபது வயதிருக்கும்.

வழிகாட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் அண்ணா. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் மதிலில் எங்களை நடத்திக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார். 1981 ஜூன் முதலாம் திகதி எரிந்துபோன நூலகத்தின் முன்னால் நின்று, தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். வண்ணார்பண்ணைப் பக்கமாக வேன் போனபோது, கொழும்பு சாஹிராக் கல்லூரி அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் இங்கேதான் பிறந்தார் என்றும், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே என்றும் டீச்சர் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஜன்னலால் எட்டிப் பார்த்தோம். உம்மும்மா பார்க்கவில்லை. கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்தார்.

இரண்டாம் நாள் நயினாதீவுப் படகில் உம்மும்மா ஏறவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் அவரோடு நானும் இருந்தேன். கடற்காற்றில் உட்கார்ந்துகொண்டு அப்போதுதான் சொன்னார்.

ஓட்டுமடத்தில் பசு வளர்த்த ஓர் அம்மா இருந்தாராம். ஒவ்வொரு நாளும் சோனகத் தெரு வீடுகளுக்குப் பால் கொண்டுவருவாராம். எங்கள் வீட்டுக்கு நாளுக்கு ஒரு போத்தல். கலண்டரில் பென்சிலால் கோடு போட்டு, மாத முடிவில் காசு கொடுப்பார்களாம். ஒரு போத்தல் ஆறு ரூபாய். ஒக்டோபர் 30ஆம் திகதி காலையிலும் பால் வந்ததாம். முப்பது போத்தல், 180 ரூபாய். அந்தப் பணம் அலுமாரியில் ஒரு தகரப் பேணிக்குள் இருந்ததாம். போகும்போது கொஞ்சப் பணத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். காதில் கிடந்த தோட்டையும் கழற்றச் சொன்னார்கள். பேணி அலுமாரியிலேயே இருந்துவிட்டது.

"நான் மௌத்தாகிறதுக்கு முந்தி அந்தக் கடனக் குடுக்கோணும்."

"உங்களிட்ட இருந்ததெல்லாத்தையும் எடுத்தாங்களே உம்மும்மா. அதுக்குப் பிறகும் நீங்க கடன் குடுக்கோணுமா?"

"எடுத்தது அவங்க. பால் தந்தது அவ."

கைக்குட்டையில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. இன்றைய விலைக்கு ஒரு போத்தல் இருநூறு என்று தானே கணக்குப் பார்த்து, முப்பதால் பெருக்கி வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை நல்லூர். திருவிழா என்பதால் கோயிலைச் சுற்றி வாகனம் விடவில்லை. நாங்கள் வெளி வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு வந்தோம். விட்ட இரண்டு மணித்தியாலத்தில் ஆட்டோ பிடித்தேன். வழிகாட்டி அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரும் முன்னால் ஏறிக்கொண்டார். போக 400, வர 400. முழுப் பயணத்திலும் நான் செய்த மலிவான செலவுகளில் இதுவும் ஒன்று.

சோனகத் தெருவில் உம்மும்மா ஆட்டோவை நிற்பாட்டச் சொல்லவில்லை. மெதுவாகப் போகச் சொன்னார். கூரையில்லாத வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. உள்ளே மரம் வளர்ந்திருந்தது. திரும்பி வந்தவர்கள் கட்டிய புது வீடுகளும் இருந்தன. எங்கள் வீட்டை அப்பா உயிரோடு இருந்தபோதே, உம்மாவின் கலியாணத்துக்காக விற்றுவிட்டார். பச்சை நிற கேற் ஒன்றைக் காட்டி, "அதுதான்" என்றார் உம்மும்மா. ஆட்டோ தாண்டிப் போய்விட்டது.

ஓட்டுமடத்தில் ஒரு பழைய பலசரக்குக் கடை. முதலாளி வயதானவர். பால்கார அம்மாவின் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்தது.

"அவை தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிட்டவை அம்மா. நாங்கள் எல்லாரும்தான். ஒக்டோபர் முப்பதாந் திகதி இரவு, கொட்டுற மழைக்குள்ள. நாங்கள் திரும்பி வந்தம். அவை வரேல்லை."

உம்மும்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் திகதி எண்டனீங்க?"

"ஒக்டோபர் முப்பது."

வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததைப் பற்றிப் பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அது உம்மும்மா வெளியேறி, நாள் மாறாமல் ஐந்தாவது வருடம் என்பது அந்தக் கடை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு முதலாளி உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்து, "இருங்கோ அம்மா" என்றார்.

பால்கார அம்மா வன்னியில் காலமாகிவிட்டார். கடைசி மகள் பரந்தனில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார் என்றார் முதலாளி. யார் யாருக்கோ தொலைபேசி எடுத்து இலக்கத்தையும் வாங்கித் தந்தார். அண்ணா கதைத்தார். கடை ஏ9 வீதியோரம்தான். நாங்கள் திரும்பிப் போகும் வழி!

ஆனால் பரந்தனில் நிற்பதும் தாளில் இல்லை. வேனுக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் வந்தோம். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கூச்சத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். ஓர் ஆன்டி, தன் கணவருக்குச் சுகமில்லை, ஏற்கெனவே வீடு போய்ச் சேர இரவு பத்தாகும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவரும் எங்களைப் போலவே 32,500 கட்டியவர். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனையிறவில் இறங்குவதை விட்டுவிடுவோமா? அந்த நேரத்தைப் பரந்தனுக்குக் கொடுக்கலாம். எல்லோரும் சம்மதித்தால் மட்டும்" என்று கேட்டார். படமெடுக்கக் காத்திருந்த பிள்ளைகள் முகம் வாடினார்கள். ஆனாலும் கையைத் தூக்கினார்கள். கடைசியாக அந்த ஆன்டியும் தூக்கினார். ஐம்பது பேர் போகும் பெரிய பஸ்ஸாக இருந்தால் இப்படிக் கேட்டிருக்கவே முடியாது.

பரந்தனில் வேன் நின்றபோது அந்த அக்கா வீதிக்கே வந்து நின்றார். அக்கா என்றாலும் ஐம்பது வயதிருக்கும். உம்மும்மாவைக் கண்டதும், "நான்தான் அம்மாவோட போத்தில் தூக்கிக்கொண்டு வாறனான். நீங்கள் எனக்கு வட்டிலப்பம் தந்தனீங்கள்" என்றார். உம்மும்மாவுக்கு அது ஞாபகமில்லை. கைக்குட்டையை அவிழ்த்து ஆறாயிரத்தையும் நீட்டினார்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயோ, இதை வாங்கினா அம்மா என்னை மன்னிக்க மாட்டா. உங்களுக்கு நடந்தது எங்களுக்குத் தெரியாதே?"

"இது தர்மமில்ல பிள்ள. கடன். நீ வாங்காட்டி என்ட தலையிலதான் நிக்கும்."

அக்கா சற்று யோசித்தார். "கணக்கு எவ்வளவு?"

"நூற்றெண்பது."

"அப்ப நூற்றெண்பது தாங்கோ."

உம்மும்மாவிடம் எல்லாம் ஆயிரம் ரூபாய்த் தாள்கள். என்னிடமிருந்து இரண்டு நூறு ரூபாயை வாங்கிக் கொடுத்தார். அக்கா கடைக்குள் போய், மேசை லாச்சியைத் திறந்து, இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் கொண்டுவந்து உம்மும்மாவின் கையில் வைத்தார். உம்மும்மா அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மடித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆன்டியும் கண்ணைத் துடைத்தார்.

இரவு பதினொரு மணிக்கு வெள்ளவத்தை வந்து சேர்ந்தோம்.

இப்படி ஒரு குழுவோடு போக விரும்பும் தோழிகளுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தால் இந்த விலை? ஆட்கள் குறைந்தால் யார் வித்தியாசத்தைக் கட்டுவது? எத்தனை நாளுக்கு முன் மறுத்தால் பணம் திரும்பும்? அறை எந்த மாடியில்? பகல் சாப்பாடு யாருடைய செலவு? தொழுகைக்கு எங்கே நிற்பீர்கள்? போகும் ஊரில் அந்த நாட்களில் திருவிழா ஏதும் உண்டா? அடையாள அட்டையையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வையுங்கள். சொன்ன விலைக்கு மேல் ஆறில் ஒரு பங்காவது கைச்செலவுக்கு வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் பகல் சாப்பாடு 7,200, படகும் சில்லறையும் 1,000, தேநீரும் தண்ணீரும் 900, ஆட்டோ 800, பனங்கட்டியும் ஒடியலும் 2,600 என்று 12,500 முடிந்தது.

எல்லாவற்றுக்கும் முதல், உங்களோடு வரும் வயதானவரிடம் அவருக்குப் போக வேண்டிய இடம் எது என்று கேளுங்கள். அது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் பிந்திக் கேட்டேன். பத்துப் பேர் மனம் வைத்ததால்தான் அது நடந்தது.

மறுநாள் உம்மாவிடம் கணக்கு ஒப்படைத்தேன். 65,000. கைச்செலவு 12,500. அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: ஒக்டோபர் மாதப் பால், முப்பது போத்தல், 180. உம்மா அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பேனையை வாங்கி, அதன் பக்கத்தில் "கொடுத்தாயிற்று" என்று எழுதினார்.